நீர் பிறக்கும் மலைகள் – திருப்பூருக்கு அருகே நாம் காணத் தவறிய இடங்கள்

பின்னலாடைத் தொழிலால் உலகச் சந்தையில் இடம்பெற்ற நகரம் திருப்பூர். நூல் வாங்குதல், பின்னுதல், வெளுத்தல், சாயமேற்றுதல், வெட்டுதல், தைத்தல், பெட்டியிலிடுதல் எனப் பல கைகள் மாறியே ஒரு பனியன் உருப்பெறுகிறது. இத்தொழிலில் ஈடுபட்டோர்க்கு ஓய்வு என்பது ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாட்களுமே ஆகும். தீபாவளி, பொங்கல் விடுமுறைகளிலும், ஈகைத் திருநாள், தியாகத் திருநாள் ஆகியவற்றின் மறுநாளிலும் குடும்பம் குடும்பமாக வண்டியேறும் நம் மக்களிடம் எங்குச் செல்கிறீர்கள் என வினவினால், பெரும்பாலும் இரண்டே விடைகள் கிடைக்கும். ஒன்று உதகை, மற்றொன்று கொடைக்கானல்.

இவ்விரு மலை நகரங்களும் தம்மால் தாங்க இயலும் அளவினைக் கடந்துவிட்டன. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் அங்குச் செல்லும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெறவேண்டும் என்னும் நிலை ஏற்பட்டது. மலைக்குச் செல்ல அனுமதிச் சீட்டு கேட்கும் காலம் வரும் என்று நம் மூத்தோர் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்கள். ஆயினும் பல்லடத்தைக் கடந்து தெற்கே செல்லச் செல்ல, வானத்தின் விளிம்பில் நீலச் சுவர்போல் எழுந்து நிற்கும் ஆனைமலைத் தொடரை நாம் அன்றாடம் பார்க்கிறோம். ஆனால் அங்குச் செல்வதில்லை.

பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தை எண்ணிப் பார்க்குமாறு திருமறை மனிதனை அழைக்கிறது. அவ்வழைப்பினை ஏற்று நெடுந்தொலைவு செல்லும் முன்னர், வீட்டுக் கூரையிலிருந்து தெரியும் மலையை அறிந்துகொள்வது முறையன்றோ? அதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாம் குடிக்கும் நீரும், நம் வயலுக்குப் பாயும் நீரும், நம் துணியைச் சாயமேற்றிய நீரும் அம்மலைகளிலிருந்து வந்தவையே.

தண்ணீரின் பிறந்தகம்

கேரள மாநிலத்தில் 44 ஆறுகள் உள்ளன. அவற்றுள் 41 மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலை அடைகின்றன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டுமே கிழக்கு நோக்கி ஓடுகின்றன. இம்மூன்றனுள் இரண்டு நம் பகுதியோடு தொடர்புடையவை என்பது பலரும் அறியாத செய்தி. நீலகிரியில் தோன்றும் பவானி, கேரளத்துக்குள் புகுந்து அட்டப்பாடி வழியாக ஓடி மீண்டும் தமிழகம் திரும்புகிறது. மேட்டுப்பாளையத்தருகே அதிலிருந்து எடுக்கப்படும் நீர் திருப்பூர் மாநகரின் முதன்மையான குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. பாம்பாறோ ஆனைமுடியைச் சார்ந்த மலைகளில் தோன்றிச் சின்னாறு, தேனாறு ஆகியவற்றோடு கூடி அமராவதியாகிறது. சங்கப் புலவர்கள் ஆன்பொருநை என்று பாடிய ஆறு இதுவே.

காவிரி நடுவர் மன்றம் 2007இல் அளித்த இறுதித் தீர்ப்பில் கேரளத்திற்கு 30 டி.எம்.சி. நீரை ஒதுக்கியது. அதில் 6 டி.எம்.சி. பவானிப் படுகைக்கும், 3 டி.எம்.சி. பாம்பாற்றுப் படுகைக்கும் உரியவை. காவிரிச் சிக்கல் என்றால் மேட்டூரையும் தஞ்சையையும் மட்டுமே நினைக்கும் நாம், அதன் ஒரு கிளை நம் வாசற்படி வரை நீண்டிருப்பதை எண்ணுவதில்லை.

காற்றுக்கும் அதே மலைதான் வாயில். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே இயற்கை அமைத்த திறப்பாகிய பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று கொங்கு நாட்டுச் சமவெளியில் நுழைகிறது. உடுமலை, பல்லடம், கேத்தனூர்ப் பகுதிகளில் அணிவகுத்து நிற்கும் காற்றாலைகள் அக்காற்றினால் சுழல்வனவே. அவற்றுள் பல பின்னலாடை, நூற்பாலை உரிமையாளர்களுக்குச் சொந்தமானவை.

இனி நொய்யல். வெள்ளியங்கிரி மலைச் சாரலில் தோன்றிக் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியே ஓடிக் காவிரியில் கலக்கும் இவ்வாற்றினைக் காஞ்சிமாநதி என்றும் வழங்குவர். நம் நகரின் நடுவே ஓடும் ஆறு இது ஒன்றே. வேளாண்மைக்கென 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. கீழ்ப்பகுதி உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டபோது நகரமே திகைத்து நின்றதை மறக்க இயலாது. அதன்பின் கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத சுத்திகரிப்பு முறை கட்டாயமாயிற்று. தொழில் மெல்ல மீண்டது. ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்னும் நபிமொழியைப் பள்ளிப் பருவம் முதல் கேட்டு வளர்ந்தவர்களும் இந்நகரில் தொழில் செய்தார்கள். நொய்யல் பிறக்குமிடத்தில் அதன் நீர் எத்துணைத் தெளிவானது என்பதை நம்முள் எத்தனை பேர் நேரில் கண்டிருந்தோம்? கண்டிருந்தால் ஆறு பிழைத்திருக்கும் என்று உறுதிகூற இயலாதெனினும், காணாத ஒன்றின் மீது அன்பு பிறப்பது அரிது என்பதையாவது ஏற்கலாம்.

இவ்வெண்ணத்தோடுதான் கீழ்வரும் இடங்களை எடுத்துரைக்க விரும்புகிறேன்.

திணைகளின் வழியே ஒரு சாலை

தமிழ் பயிலும் மாணவர்க்கு ஐந்திணை என்பது தேர்வில் வரும் வினா. குறிஞ்சி என்றால் மலையும் மலைசார்ந்த இடமும் என்று எழுதிவிட்டு மதிப்பெண் பெற்றுக்கொள்கிறோம். திருப்பூரிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் சென்றால் நான்கு திணைகளை ஒரே நாளில் கண்ணால் காணலாம். நெய்தல் ஒன்றுதான் இல்லை. அங்கு நம் சரக்குப் பெட்டிகள் மட்டுமே தூத்துக்குடித் துறைமுகம் வழியாகச் சென்று சேர்கின்றன!

பல்லடம் வழியாக நேரே உடுமலைப்பேட்டை செல்வது எளிது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சற்றுச் சுற்று வழியாயினும், காங்கேயம், தாராபுரம் வழியாகச் செல்லுமாறு பரிந்துரைப்பேன். காங்கேயத்தைச் சுற்றிலும் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் பரந்து கிடக்கின்றன. கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரங்கள், அவற்றின் நிழலில் காங்கேயம் மாடுகள். இதுவே நம் கண்முன் உள்ள முல்லை. மழை குன்றிய மண்ணில் உழவை மட்டும் நம்பாது புல்லையும் மாட்டையும் மரத்தையும் ஒருசேரப் பேணிய நம் முன்னோரின் அறிவுக்கு இந்நிலம் சான்று. தாராபுரம் செல்லும் வழியிலேயே கொங்கணச் சித்தரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஊதியூர் மலை நிற்கிறது. சிறு குன்றுதான், எனினும் சமவெளியின் நடுவே காடு சூழ நிற்கும் அதன் தோற்றம் கண்ணை நிறுத்தும்.

தாராபுரத்தில் அமராவதியைச் சந்திக்கிறோம். அங்கிருந்து மேற்கே ஆற்றை எதிர்த்துச் சென்றால் கொழுமம், குமரலிங்கம், கல்லாபுரம் ஆகிய ஊர்களில் நெல் வயல்களும் கரும்புத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் விரியும். கொங்கு நாடு வறண்ட நாடு என்போர் இம்மருதத்தைக் காணவேண்டும். 1957இல் கட்டி முடிக்கப்பட்ட அமராவதி அணை 90 அடி உயரமும் ஏறத்தாழ 4 டி.எம்.சி. கொள்ளளவும் உடையது. அதனால் பாசனம் பெறும் நிலம் ஏறத்தாழ 55,000 ஏக்கர். அணையருகே வனத்துறையின் முதலைப் பண்ணை உள்ளது. அருகி வந்த சதுப்புநில முதலைகளைக் காக்கும் நோக்குடன் 1970களில் தொடங்கப்பட்டது அது. குழந்தைகள் முதலையை வியந்து நிற்கும்வேளையில், பெரியோர்கள் அணைக்கு அப்பால் திரும்பிப் பார்த்தல் நலம். நீர்ப்பரப்பின் மறுகரையில் எழும் மலைகளில்தான் நம் பயணம் தொடரவிருக்கிறது.

உடுமலையிலிருந்து மூணாறு செல்லும் சாலையில் ஒன்பதாறு சோதனைச் சாவடியைக் கடந்ததும் வனம் தொடங்குகிறது. இது 2007இல் அறிவிக்கப்பட்ட ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. கோடைக் காலத்தில் யானைக் கூட்டங்கள் இச்சாலையைக் கடந்தே அமராவதி அணைக்கு நீர் அருந்த வருகின்றன. அவ்வேளையில் வண்டியை நிறுத்தி இறங்குவதும், ஒலிப்பானை அழுத்துவதும், கைப்பேசியோடு அருகே செல்வதும் அறிவீனம். சாலை நம்முடையதாகலாம், வழி அவற்றினுடையது.

மாநில எல்லையைக் கடந்தால் 1984இல் கேரள அரசு அமைத்த சின்னாறு வனவிலங்கு சரணாலயம். மலை என்றாலே பசுமை என்று எண்ணிச் செல்வோர்க்கு இவ்விடம் வியப்பளிக்கும். முட்புதர்களும் கள்ளிகளும் இலையுதிர்ந்த மரங்களும் வெந்த பாறைகளுமாய்க் காட்சியளிக்கும். காரணம் யாதெனின், தென்மேற்குப் பருவமழை மலைத்தொடரின் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் பொழிந்துவிடுகிறது. மூணாற்றை நனைத்த முகில் தொடரைத் தாண்டி இறங்கும்போது ஈரம் இழந்துவிடுகிறது. ஆகவே சாலைவழி 60 கிலோமீட்டருக்குள் அடைமழைக் காடும் வறள்காடும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் கூறியதன் பொருளை நான் வகுப்பறையில் புரிந்துகொண்டதைவிடச் சின்னாற்றில்தான் நன்கு புரிந்துகொண்டேன்.

வறட்சியைக் கண்டு வெறுமை என்று எண்ணிவிடலாகாது. வேறெங்கும் எளிதில் காணவியலாத சாம்பல் நிற அணில் இங்குள்ள ஆற்றோர மரங்களில் வாழ்கிறது. ஓட்டில் விண்மீன் கோலம் தாங்கிய நட்சத்திர ஆமையும் உண்டு. முதுவர், மலைப்புலையர் ஆகிய பழங்குடியினர் இவ்வனத்தில் வாழ்கின்றனர். நடைப்பயணம் செல்வோர்க்கு அவர்களே வழிகாட்டிகள். எந்த மரம் எப்போது பூக்கும், எந்த ஓடையில் எந்நேரம் காட்டெருமை வரும் என்பனவற்றை அவர்கள் சொல்லக் கேட்பது ஒரு தனிப் பாடம். பாம்பாற்றில் விழும் அருவிக்குத் தூவானம் என்று பெயர். இப்படிப் பெயர் வைத்தவர் யாரோ, அவரும் ஒரு புலவரே!

அஞ்சுநாடு

சின்னாற்றிலிருந்து சாலை மேலேறி மறையூரை அடைகிறது. கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்கு மேல் உள்ள இவ்வூரில் நின்றால் மூன்று புறமும் மலை. நடுவே கரும்பு வயல். பஞ்சபாண்டவர் மறைந்து வாழ்ந்தமையால் மறையூர் என்பர் ஊரார். பாறைகளின் மேல் கற்பலகைகளை நிறுத்தி மேலொரு பலகை மூடிய அறைகள் பல காணப்படுகின்றன. முனிவர் வாழ்ந்த இடம் என்று மக்கள் முனியறை என வழங்குகின்றனர். உண்மையில் இவை பெருங்கற்கால மாந்தர் தம் இறந்தோர்க்கு எழுப்பிய ஈமச் சின்னங்கள்.

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களையும் சேர்த்து அஞ்சுநாடு என்பர். பல நூற்றாண்டுகளுக்கு முன் மதுரைப் பகுதியிலிருந்து மலையேறி வந்து குடியமர்ந்த தமிழரின் வழியினர் இங்கு வாழ்கின்றனர். அரசியல் எல்லை மாறிற்று, மொழி மாறவில்லை. வயலில் நிற்கும் மூதாட்டி பேசும் தமிழ் கேட்டு வண்டியை நிறுத்தியோர் பலர்.

மறையூரின் பெருமை சந்தனம். கேரளத்தில் இயற்கையாகச் சந்தன மரங்கள் செழித்து வளரும் காடு இதுவே. மரந்தோறும் எண் இட்டு, கம்பிவேலி சூழ, இரவு பகலாக வனத்துறையினர் காவல் புரிகின்றனர். மற்றொரு பெருமை வெல்லம். கரும்புத் தோட்டத்தின் நடுவே கொட்டகை அமைத்துப் பெருங்கொப்பரையில் சாறு காய்ச்சிக் கையாலேயே உருண்டை பிடிப்பர். 2019இல் மறையூர் வெல்லம் புவிசார் குறியீடு பெற்றது. சாலையோரக் கடைகளில் அப்பெயரால் வேறு வெல்லமும் விற்கப்படுவதுண்டு. காய்ச்சும் கொட்டகைக்கே சென்று வாங்குவது நன்று.

மறையூரிலிருந்து 15 கிலோமீட்டர் மேலேறினால் காந்தளூர். ஏறத்தாழ 5,000 அடி உயரம். காரட், முட்டைக்கோசு, பீன்ஸ், பூண்டு ஆகியவற்றுடன் ஆப்பிளும் பிளம்சும் விளைகின்றன. ஆப்பிளுக்குக் காசுமீரம் வரை செல்ல வேண்டியதில்லை. ஆடி, ஆவணி மாதங்களில் இங்குச் சென்றால் மரத்திலேயே காணலாம். பூண்டோ புவிசார் குறியீடு பெற்றது. 2023இல் இந்திய அரசின் சுற்றுலா அமைச்சகம் சிறந்த சுற்றுலாக் கிராமமாகக் காந்தளூரைத் தேர்ந்தெடுத்தது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். எனினும் சிறு அச்சமும் உடன் எழுகிறது. விடுதிகள் பெருகுகின்றன, விடுமுறை நாட்களில் குறுகிய சாலையில் ஜீப்புகள் முட்டி மோதுகின்றன. காந்தளூரின் ஓடைகள் பாம்பாற்றில் இறங்குவன. ஆகவே அங்கு எறியப்படும் குப்பையும், கலக்கும் கழிவும் அமராவதி அணைக்கே வந்து சேரும். கொழுமத்து நெல்வயலும் தாராபுரத்துக் குடிநீரும் அதனைத்தான் பெறும். ஒரத்துப்பாளையத்தில் நாம் கீழ்ப்பகுதி உழவர்க்குச் செய்ததை, சுற்றுலாப் பயணியராய்ச் சென்று நமக்கே செய்துகொள்ளலாகாது.

சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் உமறுப் புலவர் அரபு நாட்டினைப் பாடும்போது, முகில் மலையில் பொழிந்து, வெள்ளம் பெருகி இறங்கி, நிலங்கள் பலவற்றைக் கடந்து வயலை வளமாக்குவதாகப் பாடியுள்ளார். பாலை நாட்டைப் பாட வந்தவர் தமிழ்நாட்டு ஆற்றை அங்கே ஓடவிட்டார் என்று திறனாய்வாளர் கூறுவர். அவர் பாடிய அவ்வரிசையை, இங்கே கீழிருந்து மேலாக, வயலில் தொடங்கி முகில் வரை, ஒரு பகலில் பயணமாகச் செய்து முடிக்கலாம் என்பதே இவ்வழியின் சிறப்பு.

இம்மலைத் தொடரின் உயர்ந்த புல்வெளிகளில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கிறது. 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்து 2030இல் பூக்கும்.

திருமூர்த்தியும் காண்டூர்க் கால்வாயும்

உடுமலையிலிருந்து தென்மேற்கே 20 கிலோமீட்டரில் திருமூர்த்தி மலை. அமணலிங்கேசுவரர் கோயிலும், அதற்கு மேலே பஞ்சலிங்க அருவியும் பலர் அறிந்தவை. அருவியில் நீராடுவோர் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். மேல்மலையில் மழை பெய்தால், கீழே வெயில் காயும்போதே வெள்ளம் பாய்ந்து வரும். காவலர் நீரைவிட்டு வெளியேறச் சொன்னால் வாதிடாமல் வெளியேறுவதே உயிருக்கு நன்று.

பலர் பார்க்காமல் திரும்பும் அற்புதம் இங்கு ஒன்றுண்டு. அதுதான் மலையடிவாரக் காட்டினூடே வந்து திருமூர்த்தி அணையில் விழும் காண்டூர்க் கால்வாய். அரபிக்கடலை நோக்கி ஓடிய ஆறுகளைத் தடுத்து, சுரங்கங்கள் வழியே கிழக்கே திருப்பிக் கொங்குச் சமவெளிக்குக் கொண்டுவந்த பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் ஒரு கூறு இது. ஆனைமலையாறு, நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு, பாலாறு ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைத்த இத்திட்டத்திற்கான தமிழக, கேரள உடன்படிக்கை 1970 மே 29 அன்று கையெழுத்தாயிற்று. சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து வெளிவரும் நீர், மலைச்சரிவை வளைந்து வளைந்து தழுவியவாறே 49 கிலோமீட்டர் நடந்து திருமூர்த்தியை அடைகிறது. சரிவு மிகுந்தால் கரையை அரிக்கும். குறைந்தால் நீர் நகராது. கணினி இல்லாத காலத்தில் அளவுகோலும் நோக்காடியும் கொண்டு இச்சரிவினை வகுத்த பொறியாளரின் திறனை என்னென்பது! கோவை, திருப்பூர் மாவட்டங்களில் 3 இலட்சத்து 77 ஆயிரம் ஏக்கர் நிலம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்து இந்நீரைப் பெறுகிறது. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று உடைந்து, தேக்கிய நீர் வீணே வெளியேறியபோது பல்லடம், உடுமலை உழவர்கள் பட்ட வேதனைக்குக் காரணம் இப்போது விளங்கும்.

தேக்கு மரமும் கலீமும்

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாகச் சென்றால் டாப்சிலிப். மேலே வெட்டிய தேக்கு மரங்களை மலை முகட்டிலிருந்து சறுக்கிக் கீழே விடுத்தமையால் இப்பெயர். ஆங்கிலேயரின் கப்பல் கட்டவும் இருப்புப்பாதை அமைக்கவும் வெட்டி வெட்டிக் காடு மொட்டையாயிற்று. அந்நிலையில் வந்தவர் ஹியூகோ வுட் என்னும் வன அதிகாரி. மரத்தை வேரோடு பறிக்காமல், மீண்டும் துளிர்க்குமாறு வெட்டும் முறையையும், புதுக்கன்று நடுதலையும் அவர் வற்புறுத்தினார். நடந்து செல்லும்போதெல்லாம் கைத்தடியால் மண்ணில் குழியிட்டுச் சட்டைப் பையிலுள்ள தேக்கு விதையை இடுவார் என்று கூறுவர். 1933இல் மறைந்த அவர், தம் விருப்பப்படியே தாம் வளர்த்த தேக்குகளின் நடுவே டாப்சிலிப்பில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அடிமைப்படுத்திய நாட்டவர் என்பதற்காக அக்கல்லறையைக் காணாது வருதல் பெருந்தன்மை ஆகாது.

அருகிலுள்ள கோழிகமுத்தியில் வனத்துறையின் யானைகள் முகாம். இங்கு வாழ்ந்து, ஊருக்குள் புகும் காட்டு யானைகளை அடக்கும் பணியில் புகழ்பெற்ற கும்கி யானைக்குப் பெயர் கலீம். 60 வயதில், 2023 மார்ச்சில் பணி ஓய்வு பெற்றது. வனத்துறையினர் மரியாதை செய்து அனுப்பினர். கலீம் என்பது உரையாடுபவர் எனப் பொருள்படும் அரபுச் சொல். இறைவனோடு உரையாடிய மூசா நபி அவர்களின் சிறப்புப் பெயரும் அதனடிப் பிறந்ததே. பாகனின் மெல்லிய சொல்லுக்குச் செவிசாய்க்கும் பேருயிர்க்கு அப்பெயர் பொருந்தியே இருக்கிறது.

டாப்சிலிப்பைத் தாண்டினால் பரம்பிக்குளம். கேரள மண், ஆனால் சாலை தமிழகத்தின் வழியாக மட்டுமே. அணைகள் அங்கே, அவற்றை இயக்குவது தமிழக நீர்வளத்துறை. ஐந்து பேர் கைகோத்தும் அணைத்தற்கு அரிய கன்னிமாரா தேக்கு இங்குதான் நிற்கிறது.

செல்வோர் அறிய வேண்டுவன

உடுமலையிலிருந்து மறையூர், மூணாறு செல்லும் பேருந்துகளும், அமராவதி நகர், திருமூர்த்திமலை செல்லும் நகரப் பேருந்துகளும் உண்டு. வாடகை வண்டி இன்றியே ஒருவர் சென்று வரலாம். வனச்சாலையில் மாலைக்குப் பின் கட்டுப்பாடு உண்டாகையால் விடியற்காலையில் புறப்படுதல் வேண்டும். சின்னாறு, டாப்சிலிப், பரம்பிக்குளம் ஆகியவற்றில் வனத்துறை அனுமதியின்றிக் காட்டுக்குள் செல்லலாகாது. வீட்டிலிருந்து உணவு எடுத்துச் செல்வது நம் குடும்பங்களின் நல்வழக்கம். எவர்சில்வர்ப் பாத்திரத்தில் எடுத்துச் சென்று, வெறும் பாத்திரத்தோடு திரும்புங்கள். மீந்த பிரியாணியைக் குரங்கிற்கு இடுவது தருமம் என்று எண்ணுவோர் உளர். அதனால் குரங்கு காட்டுணவை மறந்து சாலைக்கு வந்து சக்கரத்தில் மடிகிறது.

இத்தகைய இடங்களை எழுதிப் பலரும் அறியச் செய்வதே தவறு, மறைவாய் இருந்தால்தான் அவை பிழைக்கும் என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் நொய்யலை அழித்தவர்கள் சுற்றுலாப் பயணியர் அல்லர். அது எங்குப் பிறக்கிறது என்று ஒருநாளும் கேட்காத நாமே.

அரை நாள் மட்டுமே உள்ளோர்க்கு

தொழிற்சாலையில் ஞாயிறும் வேலை. முழு நாள் விடுப்பு கிடைப்பதில்லை என்போர் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு உழைக்கும் இளைஞர்களுள் பலரது நிலையும் அதுவே. அவர்களுக்கு ஊத்துக்குளிச் சாலையில், நகரிலிருந்து 10 கிலோமீட்டர் அளவில், சர்க்கார் பெரியபாளையத்தில் நஞ்சராயன் குளம் இருக்கிறது. நொய்யலின் துணையாறாகிய நல்லாற்றின் நீர் அதில் தேங்குகிறது. மலையில்லை, ஆனால் மலை கடந்து வரும் விருந்தினர் உண்டு. 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்குளம், 2024 ஆகத்தில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குரிய ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஏறத்தாழ 126 எக்டேர் பரப்பு. நாமக்கோழி, நீர்க்காகம், கூழைக்கடா, கரண்டிவாயன் ஆகியவற்றோடு, நடு ஆசியாவிலிருந்து இமயத்தையே தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்துகளும் குளிர்காலத்தில் இங்கு இறங்குகின்றன. மார்கழி, தை மாதங்களில் சுபுகுத் தொழுகை முடித்துப் புறப்பட்டால் பனி விலகும் முன்னர்க் கரையை அடைந்துவிடலாம். எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். வாத்துகள் நடுக்குளத்திற்குச் சென்றுவிடும். தொலைநோக்கி ஒன்று கைவசம் இருப்பின் எடுத்துச் செல்லுங்கள்.